வடிவு கூப்பிடும் வரை

சூடு பட்டால் கையை உதற வேண்டும் என்று உலகத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. நல்லாம்பாறைக் குடியிருப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். வெளியூர் போனால் டீக்கடையில் கண்ணாடி டம்ளரை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். கைக்குக் கை மாற்ற வேண்டும். குடிப்பதற்கு முன் இரண்டு தடவை ஊதி, "நல்ல சூடு, கொஞ்சம் ஆறட்டும்" என்று பக்கத்தில் நிற்கிறவன் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டுக் கொதிக்கிற டம்ளரை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றால் கடைக்காரன் ஒரு பார்வை பார்ப்பான். அடுத்த தடவை பேப்பர் கப்பில் கொடுப்பான். அதற்கும் அடுத்த தடவை பால் தீர்ந்துவிட்டது என்பான்.

சிங்காரத்துக்கு அந்த நடிப்பு தண்ணீர் பட்ட பாடு. பன்னிரண்டு வயதில், பெரிய வியாதி என்று ஊர் சொல்கிற தொழுநோய் வந்தது. மருந்து சாப்பிட்டுக் கிருமி ஒழிந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் கிருமி தின்றுவிட்டுப் போன நரம்பு திரும்பி வரவில்லை. அந்தக் கிருமிக்குக் குளிர்ந்த இடம்தான் பிடிக்குமாம். கை, கால், முகம், நெஞ்சு என்று தோலோடு தோலாக ஒட்டியிருந்த நரம்பையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, வெதுவெதுப்பான அக்குளையும் முதுகுத்தண்டையும் மட்டும் போனால் போகிறதென்று விட்டுவைத்திருந்தது. விரல்கள் மடங்கிக் கிடந்தன. கண் இமைகள் முழுசாக மூடாது. அறுபத்தொரு வயதில் குடியிருப்பின் தலைவர் அவர்தான், டீ மாஸ்டரும் அவர்தான். பால் பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்குவார்.

இறக்கிவிட்டுத் தங்கையிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

தங்கை வடிவுக்கு நாற்பத்து நான்கு. வியாதி கிட்டே வராத உடம்பு. அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்ததெல்லாம் அண்ணன்தான். குடியிருப்பின் மருந்தகத்தில் அவளுக்குக் கட்டுப் போடுகிற வேலை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதினொரு பேரும் வரிசையாக வந்து உட்காருவார்கள். உணர்ச்சி இல்லாதவர்கள் என்று குடியிருப்பில் மிச்சம் இருந்தது அந்தப் பதினொரு பேர்தான். காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முள் ஏறியிருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று ஒவ்வொரு விரலாகப் பார்ப்பாள். கடைசியில் அண்ணன் கண்ணில் சொட்டு மருந்து விடுவாள்.

"தூங்கறப்பகூட கண்ணைத் தொறந்து வச்சு என்னை வேவு பாக்கறியாண்ணே?"

"பாக்காம? நீ சர்க்கரை டப்பாவைத் தொறக்கற சத்தம் எனக்குக் கேக்கலைன்னு நெனச்சியா?"

"உனக்குத் தோலே கண்ணுதான். கையை வைக்கறதுக்கு முன்னாடி பாரு, பாருன்னு எத்தனை வருசமாச் சொல்றேன். இன்னைக்கும் ரெண்டு கொப்புளம்."

"பாத்தேன் புள்ள. அடுப்பு அணைஞ்சிருந்துச்சு. பாத்திரம் சுடும்னு அதுமேல எழுதியா ஒட்டியிருக்கு?"

இப்படியே காலம் போயிருக்கும். போகவில்லை. மலையடிவாரத்தில் எண்பது வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கென்று கொடுத்த, குடியிருப்பு நிற்கிற அறுபது ஏக்கரும் பேட்டரித் தொழிற்சாலைக்கு வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. வழக்கை நடத்தியவர் பத்மாவதி அம்மா. காசு வாங்காமல் வாதாடுகிற வக்கீல். நல்ல மனுஷி, ஆனால் பேச்சில் தேன் தடவத் தெரியாது. சிங்காரத்தின் டீக்கொட்டகையில் உட்கார்ந்து விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"நோயாளி இருக்காங்கன்னா அவங்களை வேற மாவட்டத்து ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டு இடத்தை எடுத்துக்குவாங்க. நோயாளியே இல்லை, எண்பது வருசமாக் குடியிருக்கற சனங்கன்னு நாம நிரூபிச்சா பட்டா கேக்கலாம். அதனால ஒருத்தருக்குக்கூட ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது."

"நோய் போயிருச்சும்மா. மரத்துப் போனது மட்டும்தான் மிச்சம்" என்றாள் வடிவு.

"அது உனக்கும் எனக்கும் தெரியும். அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

குடியிருப்பின் வாசல் வளைவுக்கு முன்னால் உட்கார்ந்து போராடுவது என்று முடிவானது. அதற்கு எதிராக அடுப்பு வண்டி வரப்போகிறது என்ற சேதியும் கூடவே வந்தது.

அடுப்பு வண்டி என்பது சனங்கள் வைத்த பெயர். கூட்டம் கலைக்கிற அந்தக் கருவியைச் செய்த தண்கதிர் நிறுவனம் அதற்கு வேறு ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தது. தடியடி இல்லை, புகை இல்லை, ரத்தம் இல்லை என்று டிவியில் ஓயாமல் விளம்பரம் செய்தார்கள். ஒரு ஊரில் அதைப் பயன்படுத்துவதற்கு முன்னால் அங்கே இருப்பவர்களைப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. அதற்காக வந்தவன்தான் தர்ஷன். முப்பது வயது இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு மருந்தகத்துக்குள் வந்தான், கொடுத்த டீயைத் தயங்காமல் குடித்தான். அந்த ஒரு காரியத்துக்காகவே வடிவுக்கு அவனைப் பிடித்துப்போனது.

"வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு பாத்திருப்பீங்களேக்கா, அதே சாதிதான்" என்றான். "அதுல வர்ற அலை நீளமா இருக்கும். கறிக்குள்ள ஒரு அங்குலம் வரைக்கும் போய் அங்க இருக்கற தண்ணியை ஆட்டி ஆட்டிச் சூடாக்கும். இந்த அலை ரொம்பக் குட்டி. உடம்புல பட்டா ஒரு தாள் கனம்தான் உள்ள போகும். துணியைத் தாண்டிரும், தோலைத் தாண்டாது. ஆனா வலி தெரியற நரம்போட நுனியெல்லாம் அந்தத் தாள் கனத்துலதான் இருக்கு. மூணு நொடியில அந்த இடம் ஐம்பது டிகிரிக்குப் போயிரும். ஆளு நகர்ந்துட்டா அத்தோட சரி. தடம்கூட இருக்காது."

"நகரலைன்னா?"

"நகராம இருக்கவே முடியாதுக்கா. நான் பழகினவன், எனக்கே முடியலை. மனசு யோசிக்கறதுக்குள்ள கால் ஓடிரும். அந்த ஓட்டம்தான் இதுல பாதுகாப்பே." கொஞ்சம் நிறுத்தினான். "அதனாலதான் இந்தச் சோதனை. உணர்ச்சி இல்லாதவங்க இருந்தா அவங்களுக்கு ஓடணும்னு தெரியாது. தோல் வெந்துரும், கண்ணு போயிரும். அப்படி யாராவது இருந்தாச் சொல்லிருங்க. முன்னாடியே ஆம்புலன்ஸ் வச்சுக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

"எங்க?"

"வேற மாவட்டத்து ஆஸ்பத்திரிக்கு."

வடிவு சொல்ல வாயெடுத்தாள். சத்தியமாக வாயெடுத்தாள். ஆனால் பத்மாவதி அம்மா சொன்ன வார்த்தை குறுக்கே நின்றது. அண்ணனை வேறு மாவட்டத்தில் ஒரு கட்டிலில் போட்டுவிட்டு இவள் எங்கே போய் நிற்பாள்?

"இங்க அப்படி யாரும் இல்லை தம்பி" என்றாள்.

சோதனைக் கருவி ஓட்டுப்பெட்டி அளவில் இருந்தது. பக்கத்தில் ஒரு துளை. அதற்குள் கையை விட வேண்டும், தர்ஷன் எப்போதாவது ஒரு நேரத்தில் விசையை அமுக்குவான், சூடு தெரிந்ததும் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். வடிவு முதல் ஆளாகக் கையை விட்டுப் பார்த்தாள். விசை அமுக்கின உடனே பெட்டிக்குள் இருந்த குட்டி மின்விசிறியின் சத்தம் ஒரு படி ஏறியது. மூன்றாவது நொடியில் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரி இருந்தது. கையை உருவிக்கொண்டு நிமிர்ந்தபோது அவளுக்கு வழி கிடைத்துவிட்டது.

மறுநாள் அந்தப் பதினொரு பேருடைய முறை. அன்று காலையில் மருந்தகத்தின் பின்னறையில் காலி அட்டைப்பெட்டி ஒன்றை வைத்து ஒத்திகை நடந்தது. "நான் ரெஜிஸ்டரோட பக்கத்துல நிப்பேன். விசிறிச் சத்தம் ஏறினதும் மூணு எண்ணி இருமுவேன். நான் இருமினா கையை இழு. முகத்தைச் சுளி. ரொம்ப ஆடாதே." எல்லாரும் சிரித்தார்கள். இந்த வயதில் ஒரு நாடகம். ஆயுள் பூரா டீக்கடையில் நடித்தது கொஞ்சமா, இதென்ன பிரமாதம் என்றுதான் அத்தனை பேருக்கும் நினைப்பு.

பத்துப் பேர் ஒழுங்காகச் செய்தார்கள். சிங்காரம் மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிச் செய்தார். வடிவு இருமியதும் கையைப் பிடுங்கி, உதறி, மடங்கின விரல்களை ஊதி, "அடேயப்பா. ஏந்தம்பி, இது மனுசன் கையா, அப்பளமா?" என்றார். தர்ஷன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வடிவைப் பார்த்தான். பிறகு குனிந்து 'உணர்வு உண்டு' என்று எழுதினான். கீழே வடிவு கையெழுத்துப் போட்டாள்.

"உடம்புக்கு முடியலையாக்கா? இருமல் விடாம வருதே" என்றான் கிளம்பும்போது.

"பழைய இருமல்தான் தம்பி."

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நூற்று நாற்பது பேர் வளைவுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு துணை ஏற்பாடு செய்திருந்தாள் வடிவு. சூடு பட்டதும் துணை கூப்பிட வேண்டும், இவர்கள் எழுந்து இடது பக்கம் நகர வேண்டும். மற்ற பத்துப் பேரைக் கூட்டத்தின் நடுவில் உட்காரவைத்தாள். சிங்காரம் தலைவர் என்பதால் முன்வரிசையில், நட்டநடுவில். பேனரைப் பிடிக்க அவர் விரலுக்குத் தெம்பு இல்லை. வடிவுதான் பேனரின் இரண்டு கம்புகளையும் அவர் மணிக்கட்டோடு சணலால் கட்டிவிட்டாள். கேமராவுக்கு முன்னால் நோயாளி மாதிரித் தெரியக் கூடாது என்று கறுப்புக் கண்ணாடியையும் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு யாரு துணை?" என்றார் சிங்காரம்.

"நான்தான். உனக்குப் பின்னாடியே உக்காந்திருப்பேன். கூப்பிடுவேன். நான் கூப்பிடற வரைக்கும் அசையாதே. மத்தவங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி நீ எந்திரிச்சாலும் வம்பு, அப்புறமா எந்திரிச்சாலும் வம்பு."

"நீ கூப்பிட்டா சரி."

முந்நூறு அடி தள்ளி வண்டி நின்றது. கூரைமேல் ஒரு பெரிய தட்டு. ஒலிபெருக்கியில் ஒருவர் கலைந்து செல்லுங்கள், கலைந்து செல்லுங்கள் என்று ஒரே தாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் இவர்களுடைய கோஷம். தட்டு மெதுவாகத் திரும்பியதை வடிவு பார்த்தாள். அண்ணனின் முதுகில் சட்டை வியர்த்து ஒட்டியிருந்தது. 'அண்ணே' என்று கூப்பிட வேண்டும், 'அண்ணே, எந்திரி' என்று கூப்பிட வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்து அவளுக்கு நினைவு வந்தபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. செருப்பு இல்லை. முந்தானை எங்கேயோ மாட்டிக் கிழிந்திருந்தது. முகமெல்லாம் எண்ணெய் தெறித்த மாதிரி எரிந்தது, தொட்டிக்குப் பின்னால் வந்ததும் அந்த எரிச்சலும் பட்டென்று நின்றுவிட்டது. சுற்றிலும் சனங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். பத்துப் பேரும் இருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு அவர்களும் எழுந்து ஓடி வந்திருந்தார்கள். ஒருத்தரையும் அவரவர் துணை கூப்பிடவில்லை. கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை.

முன்வரிசையில் இருப்பவனுக்கு, பின்னால் ஓடுகிறவர்கள் எப்படித் தெரிவார்கள்? பக்கவாட்டில் பார்க்கலாமென்றால், இரண்டு பக்கமும் கம்பும் பேனரும் மறைத்தன. ஓட்டமும் அலறலும் ஒலிபெருக்கிச் சத்தத்தில் அமுங்கிப்போயின. காலியான ரோட்டில் சிங்காரம் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே" என்று கத்தினாள். ஒலிபெருக்கி அதை விழுங்கிவிட்டது. ஓடினாள். இருபது அடி போனதும் அந்தச் சூடு முகத்தில் அறைந்தது. கால் தானாகத் திரும்பிவிட்டது. இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓடினாள். உடம்பு அவளைக் கேட்கவே இல்லை. பின்னந்தலை மயிரைப் பிடித்து இழுத்து வந்த மாதிரித் தொட்டிக்கே கொண்டுவந்து சேர்த்தது. மூன்றாவது தடவை விழுந்து தவழ்ந்தாள். அதுவும் முடியவில்லை. பெற்ற பிள்ளைபோல வளர்த்த அண்ணன் எழுபது அடியில் உட்கார்ந்திருக்கிறார், இவளால் போக முடியவில்லை. அந்த எழுபது அடியை அவள் சாகிற வரைக்கும் மறக்கப் போவதில்லை.

வண்டிக்குள் இருந்தவர்களுக்குத் திரையில் ஒரே ஒரு ஆள் மட்டும் தெரிந்தான். பிடிவாதக்காரன் என்று நினைத்தார்கள். அவன் எழுந்திருக்கிற வரைக்கும் அவன்மேலேயே வை என்று உத்தரவு. ஒரு நிமிடமும் நாற்பது நொடியும் அப்படியே வைத்தார்கள். வண்டியின் பின்கதவைத் திறந்துகொண்டு தர்ஷன் குதித்து மின்கம்பியைப் பிடுங்கியதால்தான் சூடு நின்றது என்பதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது.

வடிவு போய்ச் சேர்ந்தபோது சிங்காரம் அப்படியேதான் இருந்தார். நெற்றியும் கன்னமும் வெள்ளையாகிக் கிடந்தன. கையில் சணல் கட்டின இடத்துக்குக் கீழே தோல் உப்பியிருந்தது.

"வடிவா? கூப்பிட்டியா?" என்றார். "ஆரம்பிச்சிட்டாங்களா?"

அவள் சணலை அவிழ்க்கத் தெரியாமல் பல்லால் கடித்தாள்.

"என்ன புள்ள இது, இந்த வெயில்ல இப்படிப் பனி எறங்குது? வளைவே தெரியலை."

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் ஒரு பெண். மூடி மறைக்காமல் சொன்னார். "கருவிழி ரெண்டும் வெந்து வெளுத்துப்போச்சும்மா. நமக்குன்னா கண்ணுல சூடு பட்ட உடனே இமை மூடிக்கும். அவருக்கு மூடாது, சூடும் தெரியாது."

"வேற கண்ணு வைக்கறாங்களே டாக்டர். நான் தர்றேன் ஒண்ணு."

"உயிரோட இருக்கறவங்க கண்ணை எடுக்க மாட்டோம். செத்தவங்க கண்ணுலேர்ந்து வைக்கலாம், ஆனா இவருக்கு நிக்காது. மூடாத இமைக்குக் கீழ, உணர்ச்சி இல்லாத கண்ணுல வச்சா, அது காஞ்சு புண்ணாகிக் கழண்டுரும். வச்சுப் பாத்து எங்களுக்கு அனுபவம் உண்டு. நான் உங்களுக்கு நம்பிக்கை குடுக்க விரும்பலை."

அந்த மனுஷனுக்குக் கைக்குப் பதில் கண் இருந்தது, காலுக்குப் பதில் கண் இருந்தது. தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் பார்த்தே தெரிந்துகொண்டவர். இப்போது கட்டிலில் படுத்திருக்கிறாரா, தரையில் கிடக்கிறாரா என்றே அவருக்குத் தெரியவில்லை. "நான் எங்க புள்ள இருக்கேன்?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டார். முதுகு ஒன்றுதான் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை அவருக்குச் சொன்னது. வடிவு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், "போயிட்டியா?" என்பார். அதனால் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். எதையாவது பேசினாள். ஜன்னலில் புறா வந்தது, எதிர்க்கட்டில்காரர் குறட்டை விடுகிறார், இன்றைக்கு உப்புமாவில் கல். குரல்தான் இனி அவளுடைய கை.

ஐந்தாம் நாள் தர்ஷன் வந்தான். இரண்டு கையிலும் தீக்காயக் கட்டு. மின்கம்பியைப் பிடுங்கியபோது பட்டது. வராந்தாவில் நின்றுகொண்டான், உள்ளே வரவில்லை.

"அறிக்கை வந்திருச்சுக்கா. கருவியில கோளாறு இல்லையாம். மன உறுதியால அசையாம உக்காந்திருந்தாருன்னு எழுதியிருக்காங்க."

வடிவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஊருக்குள் இவர்கள் பக்கத்து ஆட்கள் ஒட்டின சுவரொட்டியிலும் அதுதான் இருந்தது. 'அசையாத சிங்காரம்.' பேனர் கட்டின கையோடு படம்.

"அடுத்த மாசம் இன்னும் நாலு ஊருக்குப் போகுது வண்டி" என்றான் அவன். "எந்தக் கூட்டத்துல சர்க்கரை வியாதிக்காரங்க இல்லை? பக்கவாதம் வந்தவங்க இல்லை? எல்லாரையும் அந்தப் பெட்டியில வச்சுத்தான் பாக்கப் போறாங்க. அந்தப் பெட்டியை அவரு எப்படித் தாண்டினாருன்னு மட்டும் வெளிய தெரிஞ்சா நிறுத்த வழி இருக்கு. சொல்வீங்களா?"

சொன்னால் பதினொரு பேரும் பொய் சொன்னவர்கள் ஆவார்கள். வழக்கு போகும், வீடு போகும். சொல்லாவிட்டால் வேறு ஊரில் வேறு யாரோ ஒருத்தியின் அண்ணன் காலி ரோட்டில் உட்கார்ந்திருப்பான்.

"நான் இருமினேன் தம்பி" என்றாள் வடிவு.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். பதினொரு பேருக்கும் சரியா மூணாவது நொடியில இருமல். அவரு கையை இழுத்தப்போ பெட்டியில அலையே போகலை. சும்மா விசிறியை மட்டும் போட்டுப் பாத்தேன். அதுக்கும் இருமினீங்க, அதுக்கும் உதறினாரு." மூக்கை உறிஞ்சினான். "உண்மையை எழுதினா உங்களை எல்லாம் பிரிச்சு ஆம்புலன்ஸ்ல ஏத்திருவாங்கன்னு தெரிஞ்சுது. டீ குடுத்தீங்க. சரி, நாம ஒரு நல்லது பண்ணுவோம், அன்னைக்கு எப்படியும் நீங்க பாத்துக்குவீங்கன்னு எழுதிட்டேன்."

வடிவுக்கு அவன்மேல் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. இரண்டு பேரும் நல்லதுதான் நினைத்தார்கள். என்னத்தைச் சொல்ல.

இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அனுப்ப வேண்டிய இடத்துக்கெல்லாம் அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் பதில் வந்தது. தர்ஷனை வேலையை விட்டு எடுத்தார்கள். விதியில் ஒரு வரி கூட்டினார்கள்: பரிசோதனை அறையில் உடன் வருபவர் யாரும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். வண்டி நாலு ஊருக்கும் போனது.

பத்மாவதி அம்மா நேரில் வந்து, "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வாரமே ஆம்புலன்ஸ்கள் வந்து பத்துப் பேரையும் ஏற்றிக்கொண்டு போயின. சிங்காரத்தை நகரத்திலிருந்தே நேராக அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு திசைக்கொருவராகக் கலைந்தார்கள். வளைவை இடித்த அன்று வடிவு அங்கே போகவில்லை.

புது இடம் நூற்றைம்பது மைல் தள்ளி. நோயாளி இல்லாதவர்கள் தங்க அனுமதி கிடையாது. வியாழக்கிழமைகளில் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை பார்க்கலாம். வடிவு அதற்குப் பக்கத்து ஊரில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலையில் சேர்ந்து, வியாழன் தவறாமல் போனாள். வாசலில் நுழையும்போதே பேச ஆரம்பிப்பாள், வெளியே வருகிற வரைக்கும் நிறுத்த மாட்டாள்.

அவர் ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவளைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னார்.

"நீ மனசுல வச்சுக்காத புள்ள. நீ கூப்பிட்டிருப்பே. அந்த மைக்காரன் சத்தத்துல எனக்குத்தான் கேக்கலை. கேட்டிருந்தா எந்திரிச்சிருப்பேன்ல?"

"ஆமாண்ணே" என்பாள் வடிவு, அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவாள். ஒவ்வொரு வியாழனும் அந்த ஆமாம் அவள் நெஞ்சை அறுத்தது. அதைச் சரி செய்யாமல் அவரோடு எதைப் பேசினாலும் பொய்யாக இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வியாழன் தீர்மானமாகப் போனாள். ஆள் வந்து இரண்டு டம்ளர் டீயை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். புறா, பஸ், ஓட்டல் முதலாளி என்று எல்லாவற்றையும் பேசி முடித்தாள்.

"அண்ணே, அன்னைக்கு..." என்றாள்.

"ம்."

நான் கூப்பிடலைண்ணே. ஓடிட்டேன். இந்த மூன்று வார்த்தைதான். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அன்றைக்கு அவர் முதுகுக்குப் பின்னால் கூப்பிட வராத அதே வாய். கண்ணீர் மட்டும் கொட்டியது. ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. கட்டுப் போட்ட அவர் கையைத் தன் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வடிவு?" என்றார். பதில் இல்லை. "போயிட்டியா?" கொஞ்சம் காத்திருந்தார். "சரி, மணி ஆயிருக்கும். பஸ்ஸுக்கு ஓடியிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இங்கேதான் இருக்கிறேன் என்று எப்படியாவது தெரியப்படுத்த வேண்டும். உணர்ச்சி மிச்சமிருந்த முதுகு சுவரில் ஒட்டிச் சாய்ந்திருந்தது. கையைத் தட்டினாள், தெரியவில்லை. கன்னத்தைத் தடவினாள், தெரியவில்லை. கடைசியில் மேஜையில் இருந்த டம்ளரை எடுத்து அவருடைய மடங்கின விரல்களுக்கு நடுவில் வைத்து, விழாமல் கீழே பிடித்துக்கொண்டாள். டம்ளரும் அவள் வளையலும் கட்டில் கம்பியில் லேசாக இடித்தன. டீ வாசனை அவர் மூக்குக்கு எட்டியிருக்க வேண்டும். முகத்தை நிமிர்த்தினார். முன்னால் நிற்பது யாரோ வெளி ஆள் என்று புரிந்துகொண்டவராக உடம்பை ஒழுங்குபடுத்திக்கொண்டார்.

"யாரும்மா, புதுசா?" என்றார் மரியாதையாக.

பிறகு டம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். முகத்தைச் சுளித்தார். இரண்டு தடவை ஊதினார்.

"நல்ல சூடும்மா. கொஞ்சம் ஆறட்டும்" என்றார்.

டீ எப்போதோ ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது.